தையல் விட்ட இடத்தில் ஒட்டிய டிரெஸ்ஸிங்: மெப்பிலெக்ஸ் பார்டர் பற்றி

மார்பகக் குறைப்பு அறுவை செய்துகொண்டு, தையல் சேரும் இடத்தில் புண் திறந்துகொண்டு, அதை வீட்டில் வைத்தே ஆற்ற வேண்டிய நிலைமையில் இருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திருச்சி உறையூரில் இருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. என் புண் இப்போது முழுதாக மூடிவிட்டது. அதற்கு உதவிய பொருட்களில் முதல் இடத்தை மெப்பிலெக்ஸ் பார்டர் என்ற ஃபோம் டிரெஸ்ஸிங்குக்குத்தான் கொடுப்பேன். விலை அதிகம். தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். இருந்தாலும் உங்கள் மருத்துவர் சரி என்றால் தயங்காமல் வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. அதோடு சேர்ந்து பயன்படுத்திய பாடி (பிரா), ஜெல், சாப்பிட்ட சாப்பாடு எல்லாவற்றையும் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் புண் ஆறியது ஒரு பொருளால் மட்டும் இல்லை.

அறுவை ஏன் செய்துகொண்டேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாளிலிருந்தே தோளில் பாடிப் பட்டை பதிந்து பள்ளமாகிவிட்டது. கரும்பலகை முன்னால் நின்று ஒரு பீரியட் முடிப்பதற்குள் கழுத்திலிருந்து கை வரை இழுக்கும். கோடை வந்தால் மார்பின் அடிமடிப்பில் வியர்வை தேங்கி, படை வந்து, தோல் உரிந்து எரியும். எலும்பு மருத்துவர், தோல் மருத்துவர், பிசியோதெரபி என்று பல வருடம் சுற்றிய பிறகுதான் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். இதை அழகுக்காகச் செய்துகொண்டதாக நினைத்த சொந்தக்காரர்கள் நிறைய. பக்கத்துக்கு எழுநூறு கிராம் அளவில் எடுத்தார்கள். எடுத்த சதையை வழக்கப்படி பயாப்சிக்கு அனுப்பினார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. மயக்கம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தபோதே தோள் லேசாகிவிட்டது எனக்குத் தெரிந்தது. பின்னால் அவ்வளவு நடந்தும் அந்த ஒரு விஷயத்தில் எனக்கு எந்த வருத்தமும் வரவில்லை.

இந்த அறுவையில் தையல் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் புண் எங்கே திறக்கும் என்பதும் புரிந்துவிடும். ராபர்ட் வைஸ் என்ற மருத்துவர் 1956இல் வெளியிட்ட வரைமுறையைத்தான் பெரிய அளவு குறைப்புக்கு இன்றும் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு நேர்கோடு, அடிமடிப்பில் குறுக்காக ஒரு நீளக் கோடு. மொத்தத்தில் கப்பல் நங்கூரம் மாதிரி இருக்கும். நேர்கோடும் குறுக்குக் கோடும் சந்திக்கும் முனையில் மூன்று தோல் ஓரங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. இழுவிசை அதிகம் விழுவது அங்கேதான். இரத்த ஓட்டம் கடைசியாக வந்து சேருவதும் அங்கேதான். தையல் விடுவதற்கு அதைவிடச் சாதகமான இடம் மார்பில் வேறு இல்லை. புகைப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், உடல் எடை அதிகம் உள்ளவர்கள், நிறையச் சதை எடுக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு இன்னும் கூடும். எனக்குப் பொருந்தியது கடைசிக் காரணம், கூடவே கொஞ்சம் இரத்தசோகை.

இரண்டாவது வாரத்தில் இடது பக்க முனை முதலில் கறுத்தது. அப்புறம் மஞ்சளாக ஈரம் கோத்தது. ஒருநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் தோல் பிரிந்து உள்ளே தெரிந்தது. இரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை அகலம் இருக்கும். உடம்பில் ஒரு ஓட்டையைப் பார்க்கிற பயம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சர்ஜன் பதறவில்லை. "இந்த இடத்துல இது வர்றதுதான்மா. திரும்பத் தைக்க மாட்டேன். தானா அடியிலருந்து வளர்ந்து மூடும்" என்றார். வீங்கியிருக்கிற, கிருமி ஒட்டியிருக்கிற ஓரங்களை மறுபடி இழுத்துத் தைத்தால் நூல் சதையைக் கிழித்துக்கொண்டு வரும், உள்ளே சீழ் அடைபடவும் வாய்ப்பு உண்டு என்று விளக்கினார். திறந்த புண்ணாக விட்டு, அடியிலிருந்து புதுச் சதை ஏறி, ஓரத்திலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடும்வரை காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். இதை அறுவைக்கு முன்பே நோயாளியை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கையெழுத்து வாங்கும் தாளில் ஒரு வரியாக இருந்தது, உண்மைதான். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த இரவு அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

முதலில் மருத்துவமனை டிரெஸ்ஸிங் அறையில் காஸ் துணிதான் வைத்தார்கள். பெட்டடினில் நனைத்த காஸ் உள்ளே, உலர்ந்த காஸ் மேலே, அதன்மேல் பேப்பர் பிளாஸ்டர். மறுநாள் பிரிக்கும்போது காஸ் காய்ந்து புண்ணோடு ஒட்டியிருக்கும். பிய்த்தெடுத்தால் உயிர் போகிற வலி, பொட்டுப் பொட்டாக இரத்தம். அந்த இரத்தம் எங்கிருந்து வந்தது? முந்தின நாள் முழுக்க உடம்பு பாடுபட்டு வளர்த்த மெல்லிய இரத்தக் குழாய்கள் அவை. செத்த சதையைச் சீக்கிரம் கழற்ற இந்த முறை முதல் சில நாட்களுக்கு உதவும் என்பதை மறுக்கவில்லை. புண் சுத்தமாகிச் சிவப்பான பிறகும் அதையே தொடர்ந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிளாஸ்டர் ஒட்டிய இடமெல்லாம் தோல் கொப்புளம் வேறு.

எங்கள் தெருவில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். சர்க்கரைப் புண், படுக்கைப் புண் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து டிரெஸ்ஸிங் செய்துவிடுவார். அவரைக் கூப்பிட்டோம். பார்த்த உடனே, "டீச்சர், புண்ணு காயணும்னு யாரு சொன்னா? ஈரப்பதம் இருந்தாத்தான் ஆறும். ஆனா சொதசொதன்னும் இருக்கக் கூடாது" என்றார். சர்ஜனிடம் போனில் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு ஃபோமுக்கு மாற்றினார். நான் பாடம் நடத்துகிறவள், அதனால் காரணத்தைத் தேடிப் படித்தேன். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றித் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காயவிட்டு, சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடிவைத்துப் பார்த்திருக்கிறார். மூடி ஈரமாக வைத்தவை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் போர்த்திக்கொண்டன. முடிவுகள் நேச்சர் இதழில் வெளிவந்தன. காரணம் எளிது. காய்ந்த பொருக்கு மேலே கிடந்தால், தோல் செல்கள் அதற்கு அடியில் ஈரத்தைத் தேடி ஆழமாகச் சுற்றிப் போக வேண்டும். ஈரமான பரப்பு இருந்தால் நேராக நகர்ந்துவிடும். அறுபது வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம், நம் ஊர் டிரெஸ்ஸிங் அறைகளில் இன்னும் பாதிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, பொருளுக்கு வருகிறேன். மெப்பிலெக்ஸ் பார்டரைத் தயாரிப்பது ஸ்வீடனைச் சேர்ந்த மோல்ன்லிக்கே நிறுவனம். சதுரமான, தோல் நிறத் திட்டு. நடுவில் பாலியூரித்தேன் ஃபோம், அதற்கு மேலே நீரை எடுத்துப் பிடித்துவைக்கும் அடுக்கு, வெளியே ஒரு மெல்லிய படலம். அந்தப் படலம் வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள்ளிருந்து நீராவியை மட்டும் வெளியே விடும். புண்ணைத் தொடும் பக்கம் மென்மையான சிலிக்கோன். ஈரமான புண்ணில் சிலிக்கோன் ஒட்டாது, சுற்றியுள்ள உலர்ந்த தோலில்தான் ஒட்டும். எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது இந்த ஒரு குணம்தான். முதல் தடவை சிஸ்டர் கழற்றியபோது பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தேன். "ஆயிடுச்சு டீச்சர், கண்ணைத் திறங்க" என்றார். வலி இல்லை. இரத்தம் இல்லை. ஃபோமின் நடுவில் வட்டமாக ஒரு மஞ்சள் கறை மட்டும் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, இந்தத் தடவை நிம்மதியில்.

இரண்டாவது நன்மை, தினமும் பிரிக்க வேண்டியதில்லை. கசிவு எவ்வளவு என்பதைப் பொறுத்து ஏழு நாள் வரைகூட ஒரே டிரெஸ்ஸிங் இருக்கலாம் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. ஆரம்பத்தில் எனக்குக் கசிவு அதிகம், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினோம். குறையக் குறைய இடைவெளியைக் கூட்டினோம். கறை ஃபோமின் ஓரத்தைத் தொட்டுவிட்டால் நாள் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும் என்பது சிஸ்டரின் விதி. அதைத் தாண்டினால் ஈரம் நல்ல தோலில் பரவி, தண்ணீரில் ஊறிய விரல் போல வெளுத்துச் சுருங்கிவிடும். அப்படி வெளுத்த தோல் எளிதில் பிய்ந்து புண் பெரிதாகும். எனக்கு ஒரு பக்கம் லேசாக வெளுத்தபோது துத்தநாக ஆக்சைடு களிம்பை ஓரத்தில் மட்டும் மெலிதாகத் தடவினார். ஃபோம் ஒட்ட வேண்டிய இடத்தில் களிம்பு படக் கூடாது, பட்டால் நிற்காது.

கழுவ நார்மல் சலைன் என்ற சுத்தமான உப்புநீர் மட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடோ ஹைப்போகுளோரைட் கரைசலோ இந்த டிரெஸ்ஸிங்கோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்று உள்ளே வரும் தாளிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் புண் என்றால் நுரை பொங்கும் பெராக்சைடை ஊற்றினால்தான் மனசு ஆறும். புதிதாக வரும் செல்களையும் அது சேர்த்துக் கொல்கிறது என்பதால் எப்படியும் தவிர்ப்பது நல்லது. சலைன் பாட்டிலைத் திறந்தால் அன்றோடு சரி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஃபிரிஜ்ஜில் வைத்து ஜில்லென்று ஊற்ற வேண்டாம். புண் குளிர்ந்தால் செல் பிரிதல் மந்தமாகும்.

இனி குறைகள். முதலாவது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. காஸ் என்றால் தினமும் பிரிப்போம், பார்ப்போம். ஃபோமை மூன்று நான்கு நாள் விட்டுவைக்கும்போது உள்ளே தொற்று ஆரம்பித்தால் தாமதமாகத்தான் தெரியும். இதன் ஓரத்தை ஒரு பக்கம் உரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டலாம், பசை போகாது. அதை நாங்கள் அடிக்கடி செய்தோம். இரண்டாவது, வெயில். திருச்சி அக்னி நட்சத்திரத்தில் மார்பின் அடிமடிப்பு காலை பத்து மணிக்கே நனைந்துவிடும், ஃபோமின் கீழ் ஓரம் சுருண்டுகொள்ளும். ஏசி அறை இல்லாதவர்களுக்கு இது உண்மையான தொந்தரவு. ஒட்டுவதற்கு முன் தோலை ஒற்றியெடுத்து, இரண்டு நிமிடம் மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, பிறகு உள்ளங்கையை மேலே வைத்துக் கொஞ்ச நேரம் சூடு கொடுத்தால் நன்றாகப் பிடிக்கிறது. மூன்றாவது, விலை. ஒன்றே சில நூறு ரூபாய். ஆனால் தினமும் காஸ், பிளாஸ்டர், டிரெஸ்ஸிங் கட்டணம், ஆட்டோ என்று கூட்டினால் வித்தியாசம் பயந்த அளவுக்கு இல்லை. அந்த ஆட்டோ குலுக்கல் இல்லாமல் போனதற்கே நான் கூடுதலாகக் கொடுப்பேன்.

எல்லாக் கட்டத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். புண்ணில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ செத்த சதை நிறைய ஒட்டியிருந்தால் அதை முதலில் மருத்துவர் எடுத்துவிட வேண்டும், மேலே ஃபோமை ஒட்டி மூடிவைப்பதில் பயன் இல்லை. ஆழமான குழியாக இருந்தால் உள்ளே நிரப்ப வேறு பொருள் வேண்டும், பெரிய புண் என்றால் உறிஞ்சு இயந்திரம் பொருத்தும் வேக் சிகிச்சைகூடத் தேவைப்படும். எனக்கு நடுவில் ஒருவாரம் கசிவு கூடி வாடை வந்தது. சர்ஜன் கசிவைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி மாத்திரை எழுதினார், டிரெஸ்ஸிங்கை வெள்ளி கலந்த மெப்பிலெக்ஸ் ஏஜிக்கு மாற்றினார். வாடை போன பிறகு சாதாரண ஃபோமுக்கே திரும்பிவிட்டோம். வெள்ளி நல்லது என்று கடைசிவரை அதையே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மூன்று விஷயம் வந்தால் டிரெஸ்ஸிங் எதுவானாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். காய்ச்சலோடு புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது. ஒரு பக்க மார்பு மட்டும் திடீரென்று வீங்கி இறுகுவது. காம்போ அதைச் சுற்றிய பகுதியோ நீலம் பாய்ந்து கறுப்பது. கடைசியானது மிக முக்கியம். முதல் நாட்களில் நேரம் தவறினால் காம்பையே இழக்க நேரிடும்.

பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாத சிலவும் உண்டு. வலது பக்கத் தழும்பின் ஒரு சிறு துளையிலிருந்து எனக்கு எண்ணெய் மாதிரி மஞ்சள் நீர் வந்தது. சீழ் என்று நினைத்து நடுங்கிப் போனேன். இரத்த ஓட்டம் கிடைக்காத கொழுப்பு செத்து உருகி வருவது அது என்று சர்ஜன் சொன்னார். வெளியே வராமல் உள்ளேயே தங்கினால் கல் போலக் கட்டியாகும், மாதங்கள் ஆகக் கரையும். புதுக் கட்டி எதுவாக இருந்தாலும் ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும், நாமாக முடிவு கட்டக் கூடாது. அதேபோல் தழும்பில் பரு மாதிரி கிளம்பி, உள்ளிருந்து நூல் முனை எட்டிப் பார்க்கும். கரையும் நூலைக் கரையும் முன்பே உடம்பு வெளியே தள்ளுகிறது. நாமே இழுக்காமல் சர்ஜனிடம் காட்டினால் கத்தரித்துவிடுவார்.

புண் முக்கால்வாசி மூடிய நேரத்தில் எனக்கு இன்னொரு சிக்கல். சதை அளவுக்கு மேல் வளர்ந்து தோல் மட்டத்துக்கு மேலே சிவப்பாகப் பொம்மிக்கொண்டு நின்றது. அப்படி நின்றால் ஓரத்துத் தோல் அதன்மேல் ஏறி வர முடியாது, புண் அப்படியே நின்றுவிடும். சர்ஜன் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டார். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் விரலைக் கறுப்பாக்கிக்கொள்வார்களே, அதே ரசாயனம். சுரீரென்றது, சாம்பல் நிறமாகிப் படிந்தது. அதன்பிறகு தோல் மளமளவென்று நகர்ந்தது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் பக்கத்தில் ஸ்கேலை வைத்து என் மகள் போனில் படம் எடுத்துவைத்தாள். நாளுக்கு நாள் பார்த்தால் ஒன்றும் மாறாதது போலவே இருக்கும். பத்து நாள் முந்தைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் சுருங்கியது தெரியும். சோர்ந்து போன நாட்களில் எனக்குத் தெம்பு கொடுத்தவை அந்தப் படங்கள்.

அடுத்து பாடி. அறுவைக்குப் பின் போடவேண்டிய பிரத்யேக பிரா என்று இணையத்தில் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். முன்னால் ஜிப், அழுத்தமான நைலான் துணி. புண் இல்லாதவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். எனக்கு அதன் அடிப்பட்டை மிகச் சரியாக அந்த முனையின் மேலேயே உட்கார்ந்தது. ஜிப்பின் கீழ்க் கொக்கியும் அங்கேயே குத்தியது. வியர்வை வேறு. இரண்டே நாளில் கழற்றிப் போட்டேன். உறையூரில் எங்களுக்கு ரவிக்கை தைக்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். மல் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, முன்பக்க ஹூக் போட்டு, அடிப்பட்டையை நான்கு விரல் கீழே இறக்கி விலா எலும்பின் மேல் உட்காருகிற மாதிரி தைத்துக் கொடுத்தார். தையல் ஓரங்களை எல்லாம் வெளிப்பக்கமாக வைத்தார், உள்ளே தோலில் எதுவும் உரசாது. பழைய காலத்துப் பாட்டிகள் போட்ட பாடி மாதிரிதான் இருக்கும். தாங்கவும் செய்தது, காற்றும் போனது, ஃபோம் நகரவும் இல்லை. கை உயர்த்தக் கூடாத நாட்களில் முன்பக்க ஹூக் பெரிய உதவி. முதல் ஆறு வாரமாவது கம்பி வைத்த பிரா பக்கமே போகாதீர்கள். சாய்வுத் தலையணை என்று விற்பதற்கு நான் செலவு செய்யவில்லை, வீட்டுத் தலையணைகளை அடுக்கி மல்லாந்து படுத்தே சமாளித்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டில் ஒரு போராட்டமே நடந்தது. அம்மா பத்தியத்தில் உறுதியாக இருந்தார். "முட்டை வேண்டாம்டி, சீழ் வச்சுக்கும். கத்திரிக்காய் கரப்பான், பருப்பு வேண்டாம்" என்று ரசம் சாதமும் பிரெட்டுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்பினால்தான் செய்தார். ஆனால் புதுச் சதை புரதத்தில்தான் கட்டப்படுகிறது. புண் ஆறும் காலத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்று மருத்துவமனை டயட்டீஷியன் கணக்குப் போட்டுக் கொடுத்தார். எழுபது கிலோ உள்ள எனக்கு அது கிட்டத்தட்ட 88 முதல் 105 கிராம் வரை. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். ரசம் சாதத்தில் அதை எங்கே எட்டுவது? கடைசியில் சமாதானம் விரால் மீனில் வந்தது. விரால் புண்ணை ஆற்றும் என்பது அம்மா தலைமுறையின் நம்பிக்கை, எனக்கும் புரதம் வந்தால் போதும். விரால் குழம்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், அப்புறம் மெதுவாக முட்டையும் வந்தது. வைட்டமின் சிக்கு நெல்லிக்காயும் கொய்யாவும். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை. மஞ்சளை அரைத்துப் புண்ணில் வைக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. திறந்த புண்ணில் வீட்டுப் பொருள் எதையும் வைக்க விடாதீர்கள், குழம்பில் போதும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் அழகுக்கான அறுவையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன, பாலிசித் தாளில் எக்ஸ்கிளூஷன் 08 என்று தேடிப் பாருங்கள். ஆனால் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் அதற்கு விதிவிலக்கும் அதே பத்தியில் இருக்கிறது. என் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். கழுத்து வலி, தோள் பள்ளம், திரும்பத் திரும்ப வந்த படை இவற்றுக்கு முன்பே எடுத்த சிகிச்சைச் சீட்டுகளை எல்லாம் சேர்த்து மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். அறுவைக்கு முன்பே அந்தச் சீட்டுகளைக் கோப்பாகச் சேர்த்து வையுங்கள். வீட்டில் செய்யும் டிரெஸ்ஸிங் செலவு எப்படியும் கைப்பணம்தான், அதற்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கிவைத்துக்கொண்டு அறுவைக்குப் போவது நல்லது.

புண் மூடிய பிறகு தழும்புக்குச் சிலிக்கோன். நம் நிறத் தோலில் தழும்பு கறுத்துத் தடிக்கவும், கெலாய்டு என்ற, காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைக்கும் தழும்பு வளரவும் வாய்ப்பு அதிகம். சிலிக்கோன் ஷீட் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும். அடிமடிப்பு வியர்வையில் அது எனக்கு நிற்கவே இல்லை, ஜெல் குழாய்க்கு மாறிவிட்டேன். காலையும் இரவும் மெல்லிசாகத் தடவிக் காயவிட்டால் போதும். திறந்த புண்ணில் ஜெல் போடக் கூடாது, ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் காத்திருக்க வேண்டும். தழும்பு முதிர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். ஆறிய தோலின் வலிமை பழைய தோலில் எண்பது சதவீதத்தை எட்டுவதே அதிகம், ஆரம்ப வாரங்களில் அதில் சிறு பங்குதான் இருக்கும். அதனால் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஈரப் போர்வை எல்லாம் மற்றவர்கள் தூக்கட்டும். வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய வேலையைப் புருஷனோ பிள்ளைகளோ எடுத்துக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு அது பெரிய உபகாரம். எங்கள் வீட்டில் அவர் எடுத்துக்கொண்டார்.

மெப்பிலெக்ஸ் வாங்குகிறவர்களுக்கு: தில்லைநகர் மாதிரி மருத்துவமனைகள் நெருங்கி இருக்கும் இடத்துச் சர்ஜிக்கல்ஸ் கடைகளில் கேளுங்கள். பெட்டியாகத்தான் வரும், ஆனால் கேட்டால் சில கடைகளில் உதிரியாகவும் கொடுக்கிறார்கள். உறை பிரியாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்து வாங்குங்கள். 7.5 சென்டிமீட்டர் சதுரம் விலை குறைவு என்று முதலில் அதை வாங்கினோம், அடிமடிப்பில் நிற்கவில்லை. 10 சென்டிமீட்டர் சதுரத்தை வாங்கி, ஒரு மூலை மேலேயும் எதிர் மூலை மடிப்புக்குக் கீழேயும் வரும்படி சாய்த்து ஒட்டினால் வளைவோடு படிந்து நிற்கிறது. பார்டர் வகையை வெட்டிச் சிறிதாக்க வேண்டாம், ஓரம் போனால் கசியும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பார்டர் இல்லாத வெறும் மெப்பிலெக்ஸைக் கேட்டு வாங்குங்கள், அதை மேலே பிடித்து நிறுத்த உங்கள் பாடியே போதும்.